இரண்டாவது காராக ஒரு செடான்: சிட்டியா, விர்ட்டஸா, வெர்னாவா?

வீட்டில் ஏற்கெனவே ஓர் இன்னோவாவோ எர்டிகாவோ நிற்கிறது. ஊருக்குப் போகவும் கல்யாணத்துக்கு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பவும் அது போதும். இப்போது தேடுவது வேறு வேலைக்கான வண்டி. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும், அங்கிருந்து அலுவலகம், சாயங்காலம் கடைத்தெரு, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். பக்கமோ ஏற்காடு பக்கமோ ஆசைக்கு ஓர் ஓட்டம். இந்த வேலைக்கு செடானை மிஞ்ச ஆள் இல்லை. தரையை ஒட்டி உட்காருவதால் வளைவில் சாயாது. டிக்கி தனியாக இருப்பதால் மீனும் காய்கறியும் வாங்கி வந்தாலும் வாடை உள்ளே வராது. உயரமான எஸ்.யு.வி.யைவிட உள்ளிடம் குறைவு என்பதால், மே மாத வெயிலில் நின்ற வண்டி ஏ.சி. போட்டதும் சீக்கிரம் குளிரும்.

எந்த செடான் என்று முடிவெடுக்கும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். இரண்டாவது கார் ஓடும் விதமே வேறு. ஒரு நாளைக்கு நான்கு முறை ஸ்டார்ட் ஆகும், ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு கிலோமீட்டர்தான் ஓடும், பிறகு மூன்று நாள் அப்படியே நிற்கும். என்ஜினுக்கு இதைவிடக் கடினமான வாழ்க்கை கிடையாது. கூலன்ட் சில நிமிடங்களில் சூடாகிவிடும், மீட்டரும் சரியாகக் காட்டும். ஆனால் ஆயில் முழுதாகச் சூடாகப் பத்து கிலோமீட்டராவது ஓட வேண்டும். அதற்குள் வண்டியை அணைத்துவிட்டால், எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கிவிடும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ என்ஜின்களில் இந்தக் கலப்பு கூடுதல். இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ அங்கே பெட்ரோல் வராது என்பதால் கரியும் மெல்லப் படியும். டீசலென்றால் இன்னும் மோசம். பி.எஸ்.6 புகை விதிக்கு வந்த டீசலில் உள்ள டி.பி.எஃப். வடிகட்டி, தன்னில் சேரும் கரியை எரித்துத் தள்ள நீண்ட ஓட்டம் கேட்கும். பள்ளிக்கூட ஓட்டத்தில் அது நடக்காது, எச்சரிக்கை விளக்குதான் எரியும். பழைய பி.எஸ்.6 டீசல் ஹூண்டாய் வெர்னா மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால், இந்த வேலைக்கு வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

ஓட்ட ஆசையாகவும் இருக்க வேண்டும், மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தையும் தாங்க வேண்டும். இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் எங்கள் தேர்வு விழுகிறது: ஹோண்டா சிட்டி, 1.5 பெட்ரோல், 6 கியர் மேனுவல்.

இது 2020 ஜூலையில் வந்த ஐந்தாம் தலைமுறை சிட்டி. 2023 மார்ச்சில் சிறு மாற்றங்களோடு புதுப்பித்தார்கள். 1498 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. நிமிடத்துக்கு 6600 சுற்றில் 121 பி.எஸ். திறன், 4300 சுற்றில் 145 என்.எம். இழுவிசை. காகிதத்தில் பார்த்தால் இந்த வரிசையின் டர்போக்களுக்கு முன்னால் 145 என்பது சின்ன எண். ஓட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். 2500 சுற்றுக்குக் கீழே இந்த என்ஜின் இருக்கும் இடமே தெரியாது, ஊருக்குள் மூன்றாம் கியரில் 30 கி.மீ. வேகத்தில் உருட்டிக்கொண்டே போகலாம். சாலை திறந்ததும் இரண்டாம் கியரில் போட்டு 4000 தாண்ட விடுங்கள். குரல் மாறும், இழுவை கூடிக்கொண்டே போகும், 6600 வரை மூச்சு வாங்காது. கியர் கம்பு குட்டையாக, சொன்ன இடத்தில் சொடக்கென்று விழும். கிளட்ச் பஞ்சு மாதிரி. நெரிசலில் ஒரு மணி நேரம் மிதித்தாலும் முழங்கால் வலிக்காது. டர்போ மாதிரி முதுகில் தள்ளும் சுகம் இதில் இல்லை. உங்கள் கையாலும் காலாலும் வேகத்தை வரவழைக்கும் சுகம் இது. தினமும் ஓட்டும் வண்டியில் இதுதான் அலுக்காமல் நிற்கிறது.

நம்பகத்துக்குக் காரணமும் இந்த எளிமைதான். பெட்ரோல் பழைய முறையில் வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கப்படுகிறது, அதனால் வால்வு சுத்தமாக இருக்கும். டைமிங் பெல்ட் இல்லை, செயின். டர்போ இல்லாததால் அதன் ஆயில் குழாய், இன்டர்கூலர், பிரஷர் ஹோஸ் எதுவும் இல்லை. பழுதாக வாய்ப்புள்ள பாகங்களே குறைவு. 0டபிள்யு-20 ஆயில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முந்தியதோ அப்போது மாற்ற வேண்டும். இரண்டாவது காருக்கு எப்போதும் ஆண்டுதான் முந்தும். 4000 கி.மீ.தானே ஓடியிருக்கிறது என்று தள்ளிப்போடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு. குறைந்த ஓட்டத்தில் ஆயில் கெடாது என்று நினைக்கிறோம், குறுகிய ஓட்டத்தில்தான் அது சீக்கிரம் கெடுகிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தரை இடைவெளி 165 மி.மீ. ஒருவரோ இருவரோ போனால் தெரியாது. பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து, 506 லிட்டர் டிக்கியையும் நிரப்பிவிட்டு, நம் ஊர்த் தெருக்களில் ஆளாளுக்குக் கட்டிவைத்திருக்கும் வேகத்தடையில் நேராக ஏறினால் அடி தட்டும். கொஞ்சம் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கப் பழக வேண்டும். மேல் வேரியன்ட்டுகளில் டயர் 185/55 ஆர்16, பக்கச் சுவர் தாழ்வு. பள்ளத்தில் வேகமாக இறங்கினால் சுவர் வீங்கிப் புடைக்கும், அப்படிப் புடைத்த டயரை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். கான்கிரீட் சாலையில் டயர் இரைச்சல் உள்ளே கேட்கும். பின்னால் டிரம் பிரேக்தான். பெட்ரோல் டேங்க் 40 லிட்டர்.

இதிலேயே சி.வி.டி. எனும், கியர் படிகள் இல்லாத பெல்ட் வகை ஆட்டோமேட்டிக்கும் உண்டு. ஊருக்குள் வெண்ணெய் மாதிரி ஓடும், ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனைக் கணக்கில் மேனுவல் லிட்டருக்கு 17.8 கி.மீ. கொடுத்தால் இது 18.4 கொடுக்கும். வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டப்போகிறார்கள், யாருக்கும் கிளட்ச் மிதிக்கப் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் இதையே எடுக்கலாம். ஆனால் ஆசைக்கு ஓட்டும் கணக்கில் இது நிற்காது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முதலில் என்ஜின் சத்தம் ஏறும், வேகம் பின்னால் வரும். ஒரு லாரியைத் தாண்டும்போது அந்த இடைவெளி நன்றாகவே உறுத்தும். சி.வி.டி. ஆயிலாக ஹோண்டாவின் எச்.சி.எஃப்.-2 மட்டும்தான் ஊற்ற வேண்டும், வெளிக்கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று வேறு ஆயில் ஊற்றவிடக் கூடாது. பெல்ட்டும் புல்லியும் பிடிமானத்துக்கு அந்த ஆயிலின் உராய்வுத் தன்மையையே நம்பியிருக்கின்றன. இ:எச்.இ.வி. ஹைப்ரிட் மைலேஜில் அசத்தும், ஆனால் பேட்டரி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் டிக்கி 306 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது. கூடுதல் விலையைப் பெட்ரோல் மிச்சத்தில் திரும்ப எடுக்க நிறைய ஓட வேண்டும், இரண்டாவது கார் அத்தனை ஓடாது.

இனி விர்ட்டஸ். ஓட்டும் சுகம் மட்டுமே அளவுகோல் என்றால் ஃபோக்ஸ்வேகனின் 1.5 டி.எஸ்.ஐ. டர்போ பெட்ரோல் எடுத்த எடுப்பில் ஜெயித்துவிடும். 150 பி.எஸ்., 1600 சுற்றிலிருந்தே 250 என்.எம். ஸ்டீயரிங்கில் கனம் இருக்கிறது, கதவைச் சாத்தினால் கேட்கும் சத்தத்திலேயே கட்டுமானம் தெரிகிறது, 205/55 ஆர்16 டயர் சாலையைப் பிடித்துக்கொள்கிறது. ஆள் ஏறாதபோது தரை இடைவெளி 179 மி.மீ., வேகத்தடைக் கவலை சிட்டியைவிடக் குறைவு. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது இரண்டு சிலிண்டர்களைத் தானாக அணைத்துப் பெட்ரோலை மிச்சப்படுத்தும்.

ஏற்காட்டுக்கு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வண்டிகளின் குணம் துல்லியமாகப் பிரிந்து தெரியும். வளைவுக்குள் நுழையும்போது வேகம் 20 கி.மீ.க்கு இறங்கும், இரண்டாம் கியரில் என்ஜின் 1500 சுற்றை ஒட்டி நிற்கும். 1.5 டி.எஸ்.ஐ. அங்கிருந்தே இழுத்துக்கொண்டு மேலேறும். 1.0 டி.எஸ்.ஐ. (115 பி.எஸ்., 178 என்.எம்., மூன்று சிலிண்டர்) ஒரு கணம் யோசிக்கும், 1750 தொட்டதும் திடீரென்று பாயும். அந்தப் பாய்ச்சலுக்குப் பழகும் வரை ஆக்சிலரேட்டரை மெதுவாகத்தான் கொடுக்க வேண்டும். நிறைய ஆள் ஏறிய சிட்டியில் இதே இடத்தில் சுற்றை விழவிடாமல் பிடித்திருக்க வேண்டும். விழுந்துவிட்டால் முதல் கியரைத் தேட வேண்டிவரும். மலை ஏறுவது வாராவாரம் என்றால் டர்போதான் சரி.

விர்ட்டஸில் எங்கள் தயக்கம் 7 கியர் டி.எஸ்.ஜி. எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் பற்றியது. இதில் உள்ள இரண்டு கிளட்ச்சும் உலர் வகை, சூட்டை எடுத்துச் செல்லச் சுற்றி ஆயில் இல்லை. நெரிசலில் ஓர் அடி, நின்று, இன்னோர் அடி என்று ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேய்ந்துகொண்டிருக்கும். சூடு ஏறும், முதல் இரண்டு கியரில் உதறல் வரும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஓட்டும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். முன்வண்டி நகர்ந்ததும் உடனே ஒட்டாமல் ஒன்றரை வண்டி நீளம் விட்டு, பிறகு ஒரேயடியாக நகருங்கள். நிற்கும்போது பிரேக்கை முழுதாக மிதியுங்கள், அப்போதுதான் கிளட்ச் விலகி நிற்கும். அடுக்குமாடி பேஸ்மென்ட் சரிவில் ஆக்சிலரேட்டரைக் கொண்டு வண்டியைப் பிடித்து நிறுத்தவே கூடாது. நெரிசலில்தான் அதிக நேரம் என்றால் 1.0 டி.எஸ்.ஐ.யோடு வரும் 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் பல மடங்கு தாங்கும். இந்த என்ஜின்களில் டைமிங் பெல்ட் என்பதையும் மனதில் வையுங்கள். பத்தாண்டு வைத்து ஓட்ட நினைப்பவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஸ்கோடா ஸ்லாவியாவும் அடியில் இதே வண்டிதான், 521 லிட்டர் டிக்கி உட்பட. எந்த சர்வீஸ் சென்டர் வீட்டுக்குப் பக்கமோ, அதை வைத்து இரண்டில் ஒன்றை எடுக்கலாம்.

வெர்னா நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் பிறக்கும் வண்டி. 2023 மார்ச்சில் வந்த இந்தத் தலைமுறையில் 1.5 டர்போ 160 பி.எஸ்., 253 என்.எம். கொடுக்கிறது, நேர்கோட்டில் மூன்றில் இதுதான் வேகம். 2670 மி.மீ. வீல்பேஸ் என்பதால் பின்சீட்டில் கால் நீட்ட இடம் அதிகம், டிக்கியும் 528 லிட்டர். இதுவும் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம். ஊரெங்கும் சர்வீஸ், உதிரிபாகத் தட்டுப்பாடு கிடையாது. ஆனால் கூரை பின்னால் சரிந்து இறங்குவதால் ஆறடி ஆள் பின்னால் உட்கார்ந்தால் தலை தட்டும். வளைவில் ஸ்டீயரிங் வழியாகச் சாலை கையில் பேசுவது விர்ட்டஸ் அளவுக்கு இல்லை. டி.சி.டி. எனும் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் இங்கேயும் உலர் கிளட்ச்தான், மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். வெர்னாவில் எங்களுக்குப் பிடித்தது டர்போ மேனுவல். 115 பி.எஸ். சாதா என்ஜின் நல்ல உழைப்பாளி, ஆனால் ஓட்ட ஆசை வைக்காது.

டர்போ எதை எடுத்தாலும் இரண்டு பழக்கம் வேண்டும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டி ஆயிலை நன்றாகச் சூடாக்குங்கள். ஆயிலை கம்பெனி சொன்ன கெடுவுக்குக் காத்திராமல் ஆறேழு மாதத்தில் மாற்றிவிடுங்கள்.

பணக் கணக்கில் ஒரு மேடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய சாலை வரிப்படி, 5 முதல் 10 இலட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 இலட்சத்தைத் தாண்டி 20 இலட்சம் வரை 18 சதவீதம். ஷோரூம் விலை 12.5 இலட்சமான செடானுக்கு வரி மட்டும் 2.25 இலட்சம். 8.5 இலட்சமான வண்டிக்கு 1,10,500 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் 1200 சிசி வரையுள்ள பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மேலே பார்த்த மூன்றுக்கும் 40. இந்த இரண்டு வரியும் சேர்ந்து சின்ன செடான்களுக்குப் பெரிய சாதகமாக நிற்கின்றன. பட்ஜெட் ஆன்ரோடு 10 இலட்சம்தான் என்றால் ஹோண்டா அமேஸ் மேனுவலைப் பாருங்கள். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், 90 பி.எஸ்., 416 லிட்டர் டிக்கி. பெரிய பாய்ச்சல் இல்லாவிட்டாலும் நான்கு சிலிண்டரின் மிருது இருக்கிறது. 2024 இறுதியில் வந்த புது டிசையர் மூன்று சிலிண்டருக்கு மாறிவிட்டது. மைலேஜ் அபாரம், குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரமும் வாங்கியிருக்கிறது. ஆனால் ஐடிலில் நிற்கும்போது அதிர்வு சீட்டில் தெரியும்.

அதே பணத்துக்கு இன்னொரு வழி, செகண்ட் ஹேண்டில் நான்காம் தலைமுறை சிட்டி பெட்ரோல் மேனுவல். 2017க்குப் பிந்தையது நல்லது. 119 பி.எஸ்., 5 கியர், அதனால் நெடுஞ்சாலையில் என்ஜின் சத்தம் கொஞ்சம் கூடுதல். சென்னை வண்டியென்றால் முதல் சோதனை வெள்ளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி மூழ்கியிருக்கிறது. கழுவுகிறவர்கள் அதுவரை இழுப்பதில்லை. பிறகு சீட் தண்டவாளத்தின் அடிப்பக்கத் துரு, ஸ்டெப்னி குழியில் ஈரம், கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள பஞ்சின் வாடை. டயர் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம். 15,000 கி.மீ.தான் ஓடியது என்று மீட்டர் காட்டும் வண்டியில் டயர் மாற்றப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள். 2024 அக்டோபரில் ஹோண்டா தன் பழைய வண்டிகள் பலவற்றுக்கு ஃப்யூயல் பம்பை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து இந்த வண்டிக்கு அது ஆகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பல வண்டிகள் 10 சதவீத எத்தனாலுக்கு வடிவமைத்தவை, பங்க்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. மைலேஜ் சற்றுக் குறையும், ரப்பர் ஃப்யூயல் ஹோஸ்களை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் காட்டும் வழவழப்பான சாலையில் முடித்துவிடாதீர்கள். வண்டியை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர் இருந்தால் முதலில் அவரைப் பின்சீட்டில் ஏற்றி இறக்குங்கள். செடானின் தாழ்ந்த சீட்டிலிருந்து எழ அவர் கதவுத் தூணைப் பிடித்துத் தவிக்கிறார் என்றால் அந்த வண்டி உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. ஐந்து பேரையும் ஏற்றி உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றுங்கள், காது கீழே இருக்கட்டும். பேஸ்மென்ட் சரிவில் பாதியில் நிறுத்திப் பின்வாங்காமல் கிளம்ப முடிகிறதா பாருங்கள். நண்பகலில் ஐடிலில் பத்து நிமிடம் ஏ.சி. போட்டு, பின்சீட்டுக் காற்றில் கை வைத்துப் பாருங்கள். குழந்தை சீட் இருந்தால் கையோடு கொண்டுபோய், அதைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டுங்கள், அதை மாட்டிய பிறகு முன்சீட்டை எவ்வளவு பின்தள்ள முடிகிறது என்பது எந்த விளம்பரத் தாளிலும் இருக்காது. சன்ரூஃபுக்காக மட்டும் மேல் வேரியன்ட்டுக்குப் போக வேண்டாம். நம் வெயிலில் பெரும்பாலும் அது மூடியே இருக்கும், தலைக்கு மேல் இரண்டு விரற்கடை இடத்தையும் எடுத்துக்கொள்ளும். இன்ஷூரன்ஸில் ஜீரோ டெப்ரிசியேஷனோடு (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத வகை) என்ஜின் பாதுகாப்பையும் கேட்டு வாங்குங்கள். செடானில் காற்று இழுக்கும் வாய் தாழ்வு. மழைத் தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனின் ராடைத்தான் வளைக்கும்.

நிற்கும் வண்டிக்கு இரண்டு எதிரிகள், பேட்டரியும் எலியும். நாள் முழுக்க அணைந்து நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது, அன்றைக்கே அரை மணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐடிலில் போடுவதால் பேட்டரி ஏறுவது சொற்பம், ஆயில்தான் கெடும். எலிக்கு, பார்க்கிங்கில் அரிசி, நாய் உணவு மூட்டை எதையும் வண்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் நிறுத்தினால் பானெட்டைத் திறந்துவைத்து விடுங்கள், வெளிச்சம் இருக்கும் இடத்தில் எலி கூடு கட்டாது. ஏ.சி. காற்று எப்போதும் உள்சுழற்சியில் இருக்கட்டும். வெளிக்காற்றுக்குத் திறந்தே நிறுத்தினால் புளோயர் குழிக்குள் இறங்கி கேபின் ஃபில்ட்டரைக் கடித்துவிடும். அதற்குப் பிறகு வரும் வாடையைப் போக்க டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரலாம்.